மூக்குத் துரையும் விசில் குருவியும்

போன மாதம் கழுத்தில் கேமராவும் தூரக்கண்ணாடியுமாக மூன்று பேர் என் வீட்டைத் தேடி வந்தார்கள். கொழும்பில் உத்தியோகம் பார்க்கிறவர்கள். லீவு நாட்களில் மலைநாட்டுக்கு வந்து குருவி பார்ப்பார்களாம். "ஐயா, அந்தக் காலத்துல நீங்க தோட்டத்துல குருவிக் கணக்கப்பிள்ளையா இருந்தீங்களாமே, அப்படி ஒரு உத்தியோகம் நெசமாவே இருந்திச்சா?" என்று கேட்டார்கள்.

இல்லை என்றேன். நான் தோட்டத்து ஆபீசில் இரண்டாவது கிளாக்கர். உத்தியோகம் அதுதான். ஆனால் வேலை நீங்கள் சொன்ன வேலைதான் என்றேன். அவர்கள் சிரித்தார்கள். கையில் வைத்திருந்த கலர்ப்பட புத்தகத்தைத் திறந்து காட்டினார்கள். குருவியைப் பார்க்க வேண்டியது, படத்தைத் தேட வேண்டியது, கீழே இருக்கும் பேரை வாசிக்க வேண்டியது. வேலை முடிந்தது. இந்தச் சுகம் எங்களுக்கு இருக்கவில்லை. எங்களுக்கு இருந்தது மூக்குத் துரை.

தோட்டத்தின் பேரைச் சொல்லப் போவதில்லை. கந்தப்பளையிலிருந்து மேலே ஏறிப் போகும் வழி என்பது போதும். எடுத்த எடுப்பில் பேரைச் சொல்லாதே என்பதுதான் அந்த வேலையில் நான் கற்ற முதல் பாடம்.

சுதந்திரம் கிடைத்த மறுவருசம் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். அப்பா பக்கத்துத் தோட்டத்தில் ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், இலை வாட்டினவர். என்னை அட்டனில் விட்டுப் படிக்க வைத்தார். ஆபீசில் எனக்கு மேலே கந்தையா ஐயா, யாழ்ப்பாணத்துக்காரர், பெரிய கிளாக்கர். அவருக்கும் மேலே தோட்டத்தை நடத்தின வெள்ளைக்காரத் துரை. சேர்ந்த முதல் வாரம், துரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் நின்றிருந்தார்.

"கிளாக்கர், அது என்ன?"

வெளியே கம்பியில் ஒரு குருவி இருந்தது. சின்ன வயதிலிருந்து பார்த்த குருவி. "கொண்டைக்குருவிங்க, துரை" என்றேன்.

துரை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பேர் வேணாம். மூக்கு சொல்லு."

எனக்கு விளங்கவில்லை. கந்தையா ஐயா தலையைத் தூக்காமலே தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார். குருவியின் மூக்கைப் பார்த்தேன். கறுப்பு, குட்டை என்றேன். "கால்?" கறுப்பு. "வால்?" நீளம், நுனி வெள்ளை, வாலுக்கு அடியில் சிவப்பு. "சட்டை?" உடம்பைச் சொல்கிறார் என்று கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது. பழுப்பு, செதில் செதிலாக. "வீடு?" வீட்டோரம், தோட்டத்தோரம், நடுக்காட்டுக்குள் போகாது. "வேலை?" பழம் தின்னும், பூச்சி பிடிக்கும், சண்டை போடும்.

"இப்ப பேர் சொல்லு."

"கொண்டைக்குருவிங்க."

"சரி" என்றார் துரை. அன்றிலிருந்து நான் குருவி ஆள்.

துரைக்குத் தமிழ் கங்காணிமாரிடமிருந்து வந்தது. அதில் மரியாதை விகுதி எதுவும் கிடையாது. ஆனால் குருவியைப் பற்றிப் பேசும்போது அந்தத் தமிழ் துல்லியமாக இருக்கும். முதலில் அளவு. அதற்கு மூன்றே படி: சிட்டு, மைனா, காக்கா. மைனாவைவிடச் சின்னதா, பெரிசா என்று சொல்ல வேண்டும். "பெரிய குருவி" என்று சொன்னவனை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார். பிறகு மூக்கு, கால், வால். அதற்கும் பிறகுதான் சட்டை. எல்லாரும் முதலில் நிறத்தைத்தான் பார்ப்பார்கள், அவர் அதைப் பின்னால் தள்ளி வைத்திருந்தார். "சட்டை பொய் சொல்லும். ஆம்பளைக்கு ஒரு சட்டை, பொம்பளைக்கு ஒரு சட்டை, குஞ்சுக்கு ஒரு சட்டை. மழையில எல்லாம் ஒரே சட்டை. மூக்கு பொய் சொல்லாது." கடைசியில் வீடும் வேலையும். எந்த இடத்தில் இருந்தது, என்ன செய்துகொண்டிருந்தது. இதை மாதக்கணக்கில் என் மண்டையில் ஏற்றினார். அவ்வளவுதான் நான் பெற்ற பயிற்சி.

காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு முடிந்து, ஆட்களை மலைக்குப் பிரித்து அனுப்புவதற்கு முன்னால் துரை ஒரு கேள்வி கேட்பார். "யார் புதுக் குருவி பார்த்தது?" யாராவது கையைத் தூக்கினால், கம்பளியும் கூடையுமாக நிற்கும் அத்தனை பேர் முன்னாலும் அந்த ஆள் அளவிலிருந்து வேலைவரை ஒப்பிக்க வேண்டும். அது வருசக்கணக்கில் நடந்ததால் தோட்டத்துப் பேச்சிலேயே ஏறிவிட்டது. மாப்பிள்ளை பார்த்துவிட்டு வருகிறவர்களைச் சொந்தக்காரர்கள் வழிமறித்து, "மூக்கு எப்படி? சட்டை எப்படி? வீடு எங்க?" என்று கேட்பார்கள்.

ஒருநாள் முத்துவீரன் கங்காணி கையைத் தூக்கினார்.

"அளவு?"

"காக்காவைவிடப் பெருசுங்க, தொரை. அஞ்சாறு காக்கா சேத்தாப்ல."

"மூக்கு?"

"மூக்குக்கு மேல சதை தொங்குதுங்க. செவப்பா."

"வால்?"

"விசிறி மாதிரிங்க."

"வீடு?"

"எட்டாம் நம்பர் மலைங்க. தேயிலைத் தூருக்கு அடியில."

"வேலை?"

கங்காணி யோசித்தார். "என்னயப் பாத்துக் கோவிச்சுக்கிச்சுங்க."

களத்தில் யாரும் சிரிக்கவில்லை. துரையின் கண் மின்னியது. பெரட்டை அப்படியே விட்டுவிட்டுத் துரையும் நானும் கங்காணியும் தூரக்கண்ணாடியோடு எட்டாம் நம்பர் மலைக்கு ஏறினோம். கடைசி ஏற்றத்தில் துரை தவழ்ந்தே போனார். தேயிலைக்கு அடியில் பக்கத்துத் தோட்டத்துத் துரை நத்தார்ப் பண்டிகை விருந்துக்காக வளர்த்த வான்கோழி உட்கார்ந்திருந்தது. கூண்டிலிருந்து தப்பி வந்தது. கங்காணி ஆயுளில் வான்கோழியைக் கண்டதில்லை. துரை கண்டிருக்கிறார், தின்றும் இருக்கிறார். ஆனால் விவரம் முடிவதற்கு முன்னால் பேரை நினைப்பதுகூடப் பிழை என்பது அவர் கட்சி. வான்கோழி என்று மனசில் தோன்றப் பார்த்திருந்தாலும் தோன்ற விட்டிருக்க மாட்டார்.

எழுந்து, முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டுக் கங்காணியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வெவரம் எல்லாம் சரி. பறவை மட்டும் தப்பு."

இப்படிப்பட்ட மனிதரோடு எனக்குச் சண்டை வரும் என்று நான் நினைத்ததில்லை. வந்தது. விசில் குருவியால் வந்தது.

விசில் குருவி இந்த நாட்டு மலைகளில் மட்டும் இருப்பது, அபூர்வமாகத் தென்படுவது. மைனாவைவிடக் கொஞ்சம் சின்னது. தூரத்தில் கறுப்பு. வெளிச்சம் சரியாக விழுந்தால் தலையும் மாரும் கருநீலம், தோளில் மட்டும் பளிச்சென்று ஒரு நீலத் திட்டு. மூக்கும் காலும் கறுப்பு. அதைக் கருங்குருவியிலிருந்து பிரிக்கிறதே அதில்தான். கருங்குருவிக்கு மூக்கும் காலும் மஞ்சள். நிழல் விழுந்த காட்டோடை, ஈரக் கல், பாசி, இதுதான் வீடு. விடியற்காலையும் பொழுது சாய்கிற நேரமும்தான் வெளியே வரும். துரை இருபது மலை ஏறியும் அதைக் கண்டதில்லை.

ஒருநாள் சாயந்தரம், தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் பத்தாம் நம்பர் லயத்துக்குக் கீழே ஓடும் ஓடைப் பக்கத்திலிருந்து ஒரு விசில் சத்தம் கேட்டதாகச் சொன்னார். மறுநாளே ஓடைக்கு வேலி வந்தது. விடியற்காலையும் சாயந்தரமும் ஓடைக்குப் போகக் கூடாது என்று தமிழிலும் சிங்களத்திலும் பலகை வந்தது. காவலுக்கு ரன்பண்டா என்ற வயசான ஆளைப் போட்டார்.

பத்தாம் நம்பர் லயத்துக்குத் தண்ணீர் அந்த ஓடைதான். மேலேயிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் விழ ஒரு பீலி இருந்தது. அது துருப்பிடித்து அடைத்து, ஒரு குடம் நிறைவதற்குள் சோறு வெந்துவிடும். வழிகிற தண்ணீர் லயத்துக்குப் பின்னால் இருந்த சாக்கடைக் கானில் தேங்கி, கக்கூஸ் அழுக்கோடு கலந்து நாறிக்கொண்டிருக்கும். பீலியைத் திருத்தித் தரச் சொல்லி ஆட்கள் எத்தனையோ தடவை கேட்டாயிற்று. கொழும்பிலிருந்து அனுமதி வரவில்லை என்பதே பதில். ஓடையில் குடம் நிரப்பப் பெண்களுக்குக் கிடைக்கிற நேரம் இரண்டுதான், பெரட்டுக்கு முன்னால், மலையிலிருந்து இறங்கிய பின்னால். அதே இரண்டு நேரமும் இப்போது குருவிக்குப் போய்விட்டது.

"பகலிலை எடுக்கலாமாம்" என்றார் கந்தையா ஐயா. "பகலிலை அவளவை மலையிலை நிப்பாளவை எண்டு ஆர் சொல்லுறது? நீர் சொல்லும். நீர் குருவி ஆள்."

போய்ச் சொன்னேன்.

"பகல்ல வீட்டுக்கு விட்டா கொழுந்து யார் எடுக்கிறது?" என்றார் துரை.

"அப்ப சாயந்தரம் கொஞ்ச நேரமாவது தொறந்து விடலாங்களே, துரை."

"சாயந்தரம் குருவிக்கு வேணும்."

ரன்பண்டாவுக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. பெண்களோடு வாதாட அவருக்குத் தமிழும் போதாது. அதனால் ஆபீசிலிருந்து ஒரு விசில் வாங்கிக்கொண்டு போனார். யாராவது குடத்தோடு வேலியைத் தாண்டினால் ஊதுவார். பங்களா விறாந்தையில் உட்கார்ந்திருக்கும் துரை அந்தச் சத்தத்தைக் கேட்டு, குருவி இன்றைக்கும் வந்தது, இரண்டு தரம் கூப்பிட்டது என்று மறுநாள் என்னிடம் சந்தோசமாகச் சொல்வார். நான் ரன்பண்டாவிடம் போய்க் கேட்டேன். "மம தமய், மாத்தயா" என்று தலையைச் சொறிந்தார். நான்தான் ஐயா என்கிறார். துரையிடம் அதைச் சொன்னேன். துரை தலையை ஆட்டிவிட்டு, "எது எது காவல்காரன், எது எது குருவி என்று பிரிச்சுக் கேட்டு வா" என்றார்.

இதற்குள் லயத்துப் பிள்ளைகளுக்கு வயிற்றாலை போகத் தொடங்கியது. ஓடை கிடைக்காதவர்கள் சொட்டுகிற பீலியில் பிடிக்க முடியாமல் கான் ஓரத்துத் தண்ணீரை மொண்டிருக்கிறார்கள். மாரியாயி என்று ஒரு கொழுந்துக்காரி, தொண்டை பெரிசு, பேச்சு குறைவு. அவளுடைய பேரப்பிள்ளையை நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், பிழைக்குமா பிழைக்காதா என்று இருந்து திரும்பினார்கள். அவள் பிள்ளையோடு லயத்துக்கு வந்த மறுநாள் காலை, "யார் புதுக் குருவி பார்த்தது?" என்று துரை கேட்டபோது, கூடையைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள். பெண் யாரும் அதுவரை அப்படி வந்ததில்லை.

"அளவு?"

"மைனாவுக்குக் கொஞ்சம் கொறைவுங்க."

"மூக்கு?"

"கறுப்பு."

"கால்?"

"கறுப்பு."

துரை பென்சிலை எடுத்தார். "சட்டை?"

"கறுப்புதாங்க. தோளுல நீலமா ஒரு ஒட்டு. துணிக்கு ஒட்டுப் போட்டாப்ல."

துரை ஒரு அடி முன்னால் வந்தார். "வீடு?"

"எங்க லயத்துக்குப் பின்னாடிங்க. கக்கூசு கானு."

துரை பென்சிலைச் சட்டைப்பையில் திரும்பச் செருகினார். "வீடு தப்பு."

"அங்கதாங்க இருக்கு."

"அங்க இருந்தா அது அந்தக் குருவி இல்ல."

"அப்ப அங்க இருக்கிறது எதுங்க?" என்று கேட்டாள் மாரியாயி. துரை என் பக்கம் திரும்பினார். என்னைப் போய்ப் பார்த்து வரச் சொன்னார்.

அன்று சாயந்தரம் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு கானுக்குப் பக்கத்தில் குந்தினேன். லயத்து ஆட்கள் முழுக்க இஸ்தோப்பில், லயத்து அறைகளான காம்பராக்களின் முன்தாழ்வாரத்தில், உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெயில் கடைசியாக மலைக்கு மேலே ஒரு கோடாக நின்றபோது அது வந்தது. கல்லுக்குக் கல் தத்தி, நின்று, வாலை விரித்து மூடி, ஒரு தவளைக் குஞ்சை எடுத்துக் கல்லில் அடித்து விழுங்கியது. மூக்கு கறுப்பு. கால் கறுப்பு. திரும்பியபோது வெளிச்சம் தோளில் பட்டது. அந்த நீலத்தை இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. நாற்றம் மறந்து போயிற்று.

நேரே பங்களாவுக்கு ஓடினேன். துரை வரிசையாகக் கேட்டார், வரிசையாகச் சொன்னேன். முடிந்ததும், "நீ பார்த்தது கருங்குருவி" என்றார்.

"மூக்கு கறுப்புங்க, துரை."

"சேறு."

"காலும் கறுப்புங்க."

"கான்ல நிற்குது. அதுவும் சேறு."

"தோள்ல நீலம் இருந்திச்சுங்களே."

"சாயந்தர வெளிச்சம்."

எனக்குக் கோபம் வந்தது. அவர் என்னைத் திட்டியிருந்தால் வந்திருக்காது. மூக்கு பொய் சொல்லாது என்று மாதக்கணக்கில் எனக்குச் சொல்லித் தந்த மனிதர் இப்போது மூக்கில் சேற்றை அப்புகிறார். "துரையே வந்து பாருங்க" என்றேன். அப்படிக் குரலை உயர்த்தி அவரிடம் நான் பேசியது அதுவே முதல் தடவை.

அவர் வரவில்லை. ஆனால் கோபிக்கவும் இல்லை. வகுப்பு எடுப்பதுபோல விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். "தண்ணி ஓடணும். கல்லு வேணும். பாசி வேணும். நெழல் வேணும். அழுக்கு கூடாது. அப்படி இருந்தாத்தான் அது வரும்."

அதை அப்படியே போய் மாரியாயியிடம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே பேரப்பிள்ளைக்குத் துணி மாற்றினாள். மறுநாள் பெரட்டில் திரும்பவும் முன்னால் வந்தாள்.

"தொரை, கானுல நல்ல தண்ணி ஓடி, கல்லு போட்டு, நெழலும் இருந்தா, அப்ப வாரது அந்தக் குருவின்னு ஒத்துக்குவீங்களா?"

துரை அவளையே பார்த்தார். மனிதர் நியாயஸ்தர், அதை மறைக்கக் கூடாது. "வந்தா ஒத்துக்குவேன்" என்றார். "பார்ப்போம்."

பார்ப்போம் என்றால் அவருக்குப் பார்ப்பதுதான். அந்த வாரமே ஸ்டோரிலிருந்து குழாய்க்கார ஆள் வந்தான். மேலே ஊற்றிலிருந்து புதுக் குழாய் இறங்கியது. பீலியில் தண்ணீர் கை பிடிக்க முடியாத வேகத்தில் விழுந்தது. கானைக் கல் கட்டி, சாய்வு கொடுத்து ஓட விட்டார்கள். கக்கூசை இடித்து லயத்துக்கு வெகு கீழே புதிதாகக் கட்டினார்கள். காட்டிலிருந்து பாசிபிடித்த கல்லும் பெரணியும் சுமந்து வந்து ஓரமெல்லாம் வைத்தோம். துரையே நின்று கல்லைத் திருப்பித் திருப்பி வைத்தார். பாசிப் பக்கம் மேலே இருக்க வேண்டும்.

"கொழும்பிலையிருந்து அனுமதி வந்திட்டுதோ?" என்று கந்தையா ஐயா என்னிடம் கேட்டார்.

"கேக்கவே இல்லைங்க ஐயா. ஆளுங்களுக்குத் தண்ணின்னாத்தானே கேக்கணும்."

எல்லாம் முடிந்தபோது அந்தக் கான் அழகாக இருந்தது. ஆனால் நாற்றம் போனதோடு பூச்சி போயிற்று, பூச்சியோடு தவளையும் போயிற்று. நான் இரண்டு மூன்று தடவை போய் உட்கார்ந்து பார்த்தேன். குருவி வரவில்லை.

மாரியாயி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். "வரலைன்னா என்னங்கையா பண்ணுவாரு? கொழாயப் புடுங்கிப்புடுவாரா?"

எனக்குத் தெரியவில்லை. அந்த மனிதர் என்ன செய்வார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

துரை மடக்கு நாற்காலியோடு லயத்துக்கு வந்தார். அந்தத் தோட்டத்தில் எந்தத் துரையும் வேலை விசயம் இல்லாமல் லயத்தில் வந்து உட்கார்ந்ததில்லை. இஸ்தோப்பில் உட்கார்ந்தார். மாரியாயி பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு சேவல் வந்து பீலியில் தண்ணீர் குடித்தது. இருட்டும்வரை வேறு எதுவும் வரவில்லை. அடுத்த சாயந்தரமும் வரவில்லை.

மூன்றாம் நாள் எழுந்து நின்றார். முகத்தில் நல்ல திருப்தி. "வரல்ல. நான் சொன்னது சரி. இது அந்தக் குருவி எடம் இல்ல."

"அப்ப இந்தக் கொழாயிங்க?" என்று மாரியாயி கேட்டாள். அவள் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை.

"கொழாய்க்கு என்ன?"

"எடுத்துருவீங்களா?"

துரைக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. "மூணு நாள் பார்த்து எப்படி முடிவு சொல்றது? மழைக்காலம் பார்க்கணும், பனிக்காலம் பார்க்கணும். எல்லாக் காலமும் தண்ணி ஓடணும். யாரும் தொடக் கூடாது."

அன்றைக்கு இரவு பத்தாம் நம்பர் லயத்தில் பாயாசம் வைத்ததாகக் கேள்விப்பட்டேன்.

சொன்னபடி துரை வந்தார். அடுத்து வந்தது மழைக்காலம். இஸ்தோப்பில் அவர் உட்கார்ந்திருந்தபோது மழை பிடித்து ஊற்றியது, கூரை ஒழுகியது. முதல் சொட்டு தொப்பியில், அடுத்தது தூரக்கண்ணாடியில், பிறகு சொட்டு இல்லை, கோடு. துரை நிமிர்ந்து மேலே பார்த்தார்.

"இது என்ன?"

"ஓட்டைங்க" என்றாள் மாரியாயி.

"எத்தனை நாளா?"

"நான் வாக்கப்பட்டு வந்தப்பவே இருந்துச்சுங்க."

இப்படி ஒழுகினால் எப்படிக் குருவி பார்ப்பது என்றார் என்னிடம். அந்த வாரம் அந்த ஒரு காம்பராவுக்கு மட்டும் புதுத் தகரம் வந்தது.

அதற்கப்புறம் நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன், யாரும் எனக்குச் சொல்லவில்லை. அடுத்த தடவை துரை வருவதற்கு முன்னால் பெண்கள் கூடிப் பேசினார்கள். துரை நாற்காலியை விரிக்கப் போன நேரத்தில் மாரியாயி, "தொரை, அங்கேருந்து பாத்தா பெரணி மறைக்கும். இந்தப் பக்கம் ஒக்காருங்க, நல்லாத் தெரியும்" என்று அடுத்த காம்பராவின் முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்தாள். அந்தக் காம்பராதான் லயத்திலேயே மோசமாக ஒழுகுவது. மழை வந்தது. துரை நனைந்தார். தகரம் வந்தது. அதற்கடுத்த தடவை அதற்கடுத்த காம்பரா. ஒவ்வொரு தடவையும் அவர் நனைந்து எழுந்து போவார், ஒவ்வொரு தடவையும் தகரம் வரும். "எங்களுக்கும் ஒரு விசில் குருவி பாத்துத் தாங்கையா" என்று மற்ற லயத்து ஆட்கள் என்னை வழியில் நிறுத்திக் கேட்டார்கள்.

குருவி அங்கே வரவே இல்லை. அதன் பேரால் அவர் என்னோடு மறுபடி வாதாடவும் இல்லை. ஓடை வேலி தானாகவே விழுந்தது. ரன்பண்டா விசிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஸ்டோர்க் காவலுக்குப் போனார்.

இப்படிச் சில வருசம் போயிற்று. துரை ஊருக்குத் திரும்பிப் போக நாள் குறித்தாகிவிட்டது. போவதற்கு முன்னால் கடைசித் தடவையாக ஒரு சாயந்தரம் லயத்துக்கு வந்தார், நானும் கூடப் போனேன். மாரியாயி வழக்கம்போலப் பிளேன்டீ கொடுத்தாள். அந்த வரிசையில் கடைசிக்கு முந்தின காம்பராவின் இஸ்தோப்பில் நாற்காலி போட்டிருந்தது. அதற்குப் போன மழைக்கே தகரம் மாற்றியாகிவிட்டது. துரை ஊருக்குப் போகிற நேரத்தில் மனிதரை நனைய விட வேண்டாம் என்று மாரியாயிதான் அங்கே போடச் சொல்லியிருந்தாள்.

மழை தொடங்கியது. ஒரு சொட்டும் விழவில்லை. துரை நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். பக்கத்தில், தகரம் மாற்றாமல் மிச்சமிருந்த கடைசிக் காம்பராவைப் பார்த்தார். அங்கே இஸ்தோப்பில் ஓட்டைக்கு நேரே யாரோ ஒரு குண்டானை வைத்திருந்தார்கள், அது பாதி நிறைந்திருந்தது.

துரை எழுந்தார். நாற்காலியை மடக்கிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். குண்டானைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, அது இருந்த இடத்திலேயே நாற்காலியை விரித்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.